வலது கை ஆள்காட்டி விரல்

குளத்தூர்,
ஆகஸ்ட் 4, ஞாயிறு.

அன்புத் தம்பி ஜெரால்டுக்கு,

அண்ணன் மரியசெல்வம் எழுதுகிறேன். பட்டாளத்திலிருந்து எழுதிய காலத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று முதல் வரியிலேயே போட்டுவிடுவேன். இப்போது உன் நலத்தை உன் வீட்டுக்காரி ஷர்லியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். தம்மாமில் வெயில் தாங்கவில்லை என்றும், மத்தியானத்தில் வெளிவேலையை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி. உனக்குத் தாகம் எடுத்தாலும் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் அனுப்பும் காலை வணக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது. பார்க்கிறாய் என்று தெரிகிறது. கூப்பிட்டால்தான் எடுப்பதில்லை. டியூட்டியில் இருப்பாய் என்று இத்தனை மாதமும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கடிதம் என்றால் அப்போதே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. தபால் ஆபீஸில் இருக்கும் பெண்ணிடம் ஸ்டாம்புக்குக் கேட்டபோது, "வெளிநாட்டுக்குக் கடுதாசியா? கவர் போட்டு யாரும் அனுப்பி நான் பாத்ததே இல்லைங்க" என்று எடை பார்த்துச் சொன்னாள்.

வேலை நடக்கிறது. முதலாளி திருமுருகன் மிலிட்டரி ஏலத்தில் இன்னொரு வண்டி எடுத்துவிட்டார். பொன்னமராவதியில் அத்தனை பெரிய கடையை வைத்துக்கொண்டு அவருக்கு இந்தப் பழைய பட்டாளத்து வண்டிகள் மேல் ஏன் இத்தனை ஆசை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஷெட்டில் இப்போது ஐந்து நிற்கின்றன. ஜோங்கா இரண்டு, பழைய ஜீப்பு, மூன்று டன் லாரி, புதிதாக வந்த ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் டேங்க் முழுக்கத் துரு. பிரேக்கில் ரப்பர் எல்லாம் கல்லாகிக் கிடந்தது. வயரை எலி தின்றிருந்தது. ஒரு மாதம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தேன். போன புதன்கிழமை ஸ்டார்ட் ஆனது. சத்தம் கேட்டு ஷெட் கூரைமேல் இருந்த மயில்கள் எல்லாம் பறந்து போயின. கைதட்ட ஒருவரும் இல்லை. நானே எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிதான் சீக்கிரம் கெடும். அதனால் புதன்தோறும் ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். பட்டாளத்தில் மெயின்டனன்ஸ் நாள் என்று ஒன்று உண்டு, அந்தப் பழக்கம். மற்ற நாளிலும் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். வீட்டில் என்ன இருக்கிறது? உன் அண்ணி ஷீபா போய் அடுத்த மாதம் மூன்று வருடம். சத்யபிரியா மெல்போர்னிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். "என்னப்பா கொழம்பு?" என்று கேட்பாள். கீரைக் குழம்பு என்பேன். ஒரு ஆளுக்காக உட்கார்ந்து கீரை ஆய அலுப்பாக இருக்கிறது, கடையில் நாலு இட்லி வாங்கிக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாக வண்டியேறிப் போகும்போது, செருப்பைத் தேடுகிறவன் மாதிரி நான் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

ஒரு புதுச் செய்தி. நம் ஷெட் வண்டிகளை வைத்து அடுத்த வாரம் சினிமாப் படப்பிடிப்பு. போர்க்களக் காட்சியாம். அதற்கு முன்னாலேயே இரண்டு மரப்பெட்டி நிறையத் துப்பாக்கி வந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் ஃபைபரில் செய்த பொம்மை. ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். கனமே இல்லை. நாம் பனை மட்டையில் வெட்டிக்கொண்டு வயல் வரப்பில் படுத்துச் சுட்டுக்கொண்டோமே, அது இதைவிடக் கனம். வாயாலேயே வெடிச் சத்தம் போட்டு எச்சில் தெறிக்கும். நீ செத்து விழமாட்டாய். "படலை, படலை" என்று ஓடுவாய்.

பிறகு ஆவூர்த் தேருக்குப் போனபோது அப்பா ஒரு கேப்புத் துப்பாக்கி வாங்கித் தந்தார். தகரத்தில் செய்து நீலப் பெயிண்ட் அடித்தது. சிவப்புச் சுருளை உள்ளே வைத்து விசையை இழுத்தால் படக்கென்று வெடித்து மருந்து வாசம் வரும். இரண்டு பிள்ளைக்கும் ஒன்றுதான். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் உனக்கு என்று அப்பா முறை வைத்தார். அதெல்லாம் இப்போது எதற்கு.

ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்ற அருணா டீச்சர் இந்த முறையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வருடம் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மறுநாளே கம்பெனியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிவிட்டாய். லீவு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரியாவது எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அண்ணன் மரியசெல்வம்.


குளத்தூர்,
ஆகஸ்ட் 17, சனி.

அன்புத் தம்பிக்கு,

முந்தின கடிதம் இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. அதற்குள் இதை எழுதுகிறேன். அதில் எழுதாமல் விட்டதை இதில் எழுதவேண்டும். முழுக்க வாசித்துவிடு. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

செவ்வாய்க்கிழமை படப்பிடிப்பு நடந்தது. ஷெட்டுக்கு வெளியே பெரிய ஜோங்காவின் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, சத்தம் சீராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சினிமாக் கம்பெனியில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக வந்தவன் விக்ரம் என்பவன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கை நிறையத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தவன், இடமில்லாமல் ஒன்றை வண்டியின் மட்கார்டு மேல் வைத்தான். எஞ்சின் அதிர்வில் அது மெல்ல நகர்ந்து உள்ளே சரிந்தது. அவன் எட்டிப் பிடிக்கக் கையை விட்டான். விரலுக்கும் ஓடுகிற ஃபேனுக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பது பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளியிருக்கிறேன். எழுந்தவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். துப்பாக்கி ஃபேனில் பட்டுத் துண்டு துண்டாகத் தெறித்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டம்மி கன்னுதானே சார், இதுக்குப் போயி எதுக்கு அடிக்கிறீங்க?" என்றான். கண் கலங்கியிருந்தது. திருமுருகன் ஓடி வந்தார். "என்ன சார், பத்து வருஷமா ஒங்களுக்குக் கோவம் வந்து நான் பாத்ததில்லையே" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஜோங்காவின் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, "என் தம்பி வெரலு இப்படித்தான் போச்சு. துப்பாக்கிய அங்க வச்சது நான்தான்" என்று சொன்னேன்.

நாற்பத்தெட்டு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. அப்பாவிடம் சொல்லவில்லை, ஷீபாவிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத சினிமாக்காரர்களிடம் சொன்னேன். விக்ரம் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

உனக்கு எல்லாம் நினைவிருக்கும். இருந்தாலும் நான் எழுதவேண்டும். அன்று உன் முறை. எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுக்க மனமில்லை. ஐயனார் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போயிருந்தேன். நீ பின்னாலேயே வந்து, "அண்ணே, இன்னிக்கு எனக்கு" என்று கேட்டுக்கொண்டே நின்றாய். நான் அதை ஓடுகிற பெல்ட்டுக்கு உள்பக்கம், எஞ்சின் மேடைமேல் வைத்து, "தைரியம் இருந்தா எடு" என்றேன். எனக்குப் பத்து வயது, உனக்கு ஏழு. நீ எடுக்கமாட்டாய், அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை. கையை நீட்டினாய்.

ஆஸ்பத்திரியில் அப்பா என்னிடம், "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டார். "வெளாட்டுப் புத்தியில அவனே கைய விட்டுட்டாம்ப்பா" என்றேன். நீ கட்டிலில் முழித்துக்கொண்டு படுத்திருந்தாய். நான் சொன்னதைக் கேட்டாய். என்னைப் பார்த்தாய். நீ ஏதாவது சொல்லுவாய் என்று நான் காத்திருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். பிறகு நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்ததும், நிம்மதியாகச் சோறு தின்றேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்று தாங்கவில்லை.

விரல் பிழைத்தது, மடங்கவில்லை. நான் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு நீ மூன்று முறை ஆள் எடுப்புக்குப் போனாய். மூன்று முறையும் ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தாய். மூன்று முறையும் டாக்டர் உன் வலது கையைப் பிடித்துப் பார்த்து, "இந்த வெரலுதானேப்பா முக்கியம், இதுலதானே சுடணும்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை நான் லீவில் வீட்டில் இருந்தேன். நீ உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். என் யூனிபாரம் அதே ஆணியில் தொங்கியது. அதை எடுத்து வேறு இடத்தில் மாட்டவேண்டும் என்று தோன்றியது. எடுக்கவில்லை.

இருபத்துநாலு வருடம் சர்வீஸ் முடித்தேன் என்று ஊரில் எனக்கு மாலை போடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி மைதானத்தில் சுட்டதைத் தவிர நான் துப்பாக்கி பிடித்ததில்லை. ஸ்பேனரும் கிரீஸும்தான். பதான்கோட்டில், ஜபல்பூரில், தேஜ்பூரில், எங்கே போட்டாலும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். அந்த வேலைக்கு உன் கையே போதும். என்னைவிட நன்றாகவே செய்திருப்பாய்.

போன வருடத்துக்கு வருகிறேன். கொடியேற்றி முடித்துக் காபி கொடுத்தபோது, அருணா டீச்சர் உன்னிடம், "அண்ணன் மாதிரி நீங்களும் ஏன் சார் பட்டாளத்துக்குப் போகலை?" என்று கேட்டார்கள். வெள்ளை மனதோடுதான் கேட்டார்கள். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சின்னப்புள்ளையில வெளாட்டுப் புத்தி டீச்சர், மிஷினுல கைய விட்டுட்டான்" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாருக்குப் பயம்? பழக்கம், வாய்க்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த மாதிரியே நீ என்னைப் பார்த்தாய். மறுநாள் கிளம்பிவிட்டாய். கம்பெனியில் யாரும் கூப்பிடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

நேற்று முன்தினம் கொடியேற்றப் போனேன். கொடி ஏறியது, பிள்ளைகள் பாடினார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வழக்கமாகப் பனிமலையைப் பற்றிச் சொல்லுவேன். இந்த முறை, "போன வருஷம் இதே எடத்துல என் தம்பியப் பத்தி ஒரு பொய் சொன்னேன்" என்று தொடங்கி, எஞ்சின் மேடையில் நான் துப்பாக்கி வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருணா டீச்சர் மைக்கை வாங்கி, "அடுத்ததாக மூன்றாம் வகுப்பு மாணவிகளின் நடனம்" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள், பாவம். கிளம்பும்போது கேட் வரை வந்து, "ஒங்க தம்பி அட்ரஸ் இருந்தா குடுங்க சார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஒரு வார்த்தை எழுதணும்" என்றார்கள். கொடுத்திருக்கிறேன். எழுதினால் கோபிக்காதே.

என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் அது உன்னிடம் இன்னொன்றைக் கேட்பது மாதிரி இருக்கிறது. அதனால் கேட்கவில்லை. செய்தது நான். பொய் சொன்னதும் நான். நீ அல்ல. இது ஊருக்கும் தெரியும் இப்போது.

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும்.

உன் அண்ணன்,
மரியசெல்வம்.


குளத்தூர்,
அக்டோபர் 6, ஞாயிறு.

அன்புத் தம்பிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. காலை வணக்கம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன், உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. தபால் ஆபீஸ் பெண் என்னைத் தூரத்தில் கண்டதுமே தலையை ஆட்டிவிடுகிறாள்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து அறந்தாங்கிக்குப் போனேன், ஷர்லியைப் பார்க்க. ஊர் முழுக்கத் தெரிந்தது உன் மனைவிக்கு என் வாயால் தெரியவேண்டும் என்று நினைத்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொன்னேன். அவள், "கல்யாணமான புதுசுல வெரலப் பத்திக் கேட்டேன் மாமா. மிஷினுல பட்டுச்சுன்னாரு. அதுக்கு மேல கேட்டதுக்கு, அண்ணன்தான் தூக்கிட்டு ஓடுனாரு, இல்லாட்டி கையே போயிருக்கும்னாரு. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது அதுதான்" என்றாள்.

ஜெரால்டு, நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு மறந்தே போயிருந்தது. ஐயனார் தோட்டத்திலிருந்து ரோடு வரை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். நீ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டாய். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஷர்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். மீன் குழம்பு ஊற்றினாள். இந்த மூன்று வருடத்தில் இன்னொருவர் பரிமாறி நான் சாப்பிட்டது எத்தனை முறை என்று யோசித்தேன். இரண்டாவது முறை சோறு வைக்கும்போது போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுக் காலை அவள் போன் செய்தாள். நீ பேசினாயாம். கடிதம் இரண்டும் வந்துவிட்டது என்றாயாம். என்னைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லையாம். கடைசியில் வைக்கும்போது மட்டும், "அந்தத் துப்பாக்கி அப்பறம் என்ன ஆச்சுன்னு அண்ணனக் கேளு" என்றாயாம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள் அப்பா தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். மேடையின் உள்பக்கம் அது அப்படியே இருந்தது. பெல்ட்டில் அடிபட்டுக் குழல் நசுங்கியிருந்தது. அப்பா குனிந்து எடுத்தார். எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளை அந்த இடத்தில் எட்டி வைக்க முடியாது. அந்தப் பக்கம் ஏறி வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் அங்கேயே கிடந்தவன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கிணற்றோரம் போய் அதைத் தண்ணீரில் போட்டார். போட்டுவிட்டு, "வா, தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோகணும்" என்றார்.

அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று நினைக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை கட்டிலில் கிடக்கும்போது இன்னொரு பிள்ளையையும் இழக்கப் பயந்தாரோ என்னவோ. நான் முதல்முதலில் ரயிலேறியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பிய விட்டுறாத" என்றார். சரிப்பா என்றேன். விட்டுவிட்டேன். நீயும் அவரும் மூடி மூடி வைத்ததில் நான் நல்லவனாக வளர்ந்தேன். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறாய் என்று ஷர்லி சொன்னாள். அறந்தாங்கியிலேயே இருந்துவிட்டுப் போய்விடலாம், என் வீட்டுக்கு வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி நான் கொண்டுவரட்டுமா? திருமுருகனிடம் ஜீப்பைக் கேட்டுவிட்டேன், "எடுத்துக்கங்க சார்" என்றார். பிரேக் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறேன். வழியில் பேசவேண்டும் என்று இல்லை. அந்த ஜீப்பின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. உன்னை ஷர்லியிடம் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

பேசவேண்டும் என்று தோன்றினால் திட்டு. சின்ன வயதில் அடிக்காமல் விட்ட அடியெல்லாம் கூட அடி. நான் தடுக்கமாட்டேன். இந்த வீட்டில் என்னை அண்ணே என்று கூப்பிட ஆள் இல்லை. காலையில் எழுந்தால் முதல் வார்த்தையைப் பத்து மணிக்கு ஷெட்டு வாட்ச்மேனிடம்தான் பேசுகிறேன். இதை உன் மனம் இளகவேண்டும் என்று எழுதவில்லை. எழுதிவிட்டேன், கோடு போட்டு அழிக்கவும் மனம் வரவில்லை.

ஆண்டவர் உன்னையும் ஷர்லியையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் கால் இந்த மண்ணில் பத்திரமாக வந்து படட்டும். விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஷர்லியிடம் சொல்லிவிடு, தம்பி. நான் முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருப்பேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்.